பாதுகாப்புச் சட்டங்களும் நம் குடும்பங்களும்

(பொன்விழாவை ஒட்டிச் சங்க மண்டபத்தில் நடந்த குடும்ப நாளில், இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இளைய வணிகர்கள் சார்பில் பேச வேண்டும் என்று செயலவை எங்களைக் கேட்டபோது, கடை வாடகை, ஆள் பற்றாக்குறை, மின் விலைப்பட்டியல் என்று ஏதாவது பேசுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் செயலாளர் மாமா சற்று யோசித்தார். "தம்பி, கல்யாண வீட்டில் போய் ஆஸ்பத்திரிக் கதை பேசுவது போல இருக்காதா?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, பேசுங்கள். ஐம்பது வருடமாக யாரும் பேசவில்லை" என்றார். அவருக்கு எங்கள் நன்றி.

நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தா திறந்து வைத்த நாணய மாற்றுக் கடையில் அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்தவர்கள். கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்த்ததையும், அதை ஒட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே சொல்லப்போகிறோம். தவறு இருந்தால் பெரியவர்கள் திருத்த வேண்டும்.

முதலில் அத்தா சொல்லும் ஒரு பழைய கதை. எண்பதுகளில் இந்த மண்டபத்தில் மீலாது விழா நடக்கும்போதெல்லாம், கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் ஒருவர் வந்து உட்காருவாராம். சாதாரண உடை, சட்டைப் பையில் சின்னக் குறிப்பேடு. யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று எழுதிக்கொள்வார். அவர் எங்கிருந்து வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. விழா முடிந்ததும் பெரியவர்கள் அவருக்குத்தான் முதல் தட்டுப் பிரியாணி கொடுப்பார்கள். ஒரு வருடம் அவர் வரவில்லை. "உடம்புக்கு என்னவோ" என்று விசாரித்து, வீட்டுக்கே சோறு அனுப்பினார்களாம்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அன்று கண்காணிப்புக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்துக்கு நாம் ஸலாம் சொல்ல முடிந்தது. தப்பாக எழுதிக்கொண்டால், "அண்ணே, அவர் அப்படிச் சொல்லவில்லை" என்று திருத்தவும் முடிந்தது. இன்று நம்மைக் கவனிக்கும் கண்ணுக்கு முகம் இல்லை. யார் எழுதுகிறார், என்ன எழுதுகிறார் என்று நமக்குத் தெரியாது. தப்பாக எழுதினால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் தெரியாது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. அன்று இருந்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நம் வாயில் 'இசா'. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தது. மறுநாள் ஆகஸ்ட் 1-ல் இசா நடைமுறைக்கு வந்தது. போலீஸ் ஒருவரை 60 நாள் வைத்திருக்கலாம். அதன் பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு. அது முடிந்ததும் இன்னும் இரண்டு ஆண்டு, அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. வழக்கும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்காக வந்த சட்டம் என்றார்கள். பிறகு அது யார் யாரைப் பிடித்தது என்பது நாடறிந்த வரலாறு.

நம் சங்கம் தொடங்கிய அதே 1974-ன் கடைசியில், பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக நடந்த மாணவர் போராட்டத்தை ஒட்டி, அன்வார் இப்ராஹிம் என்ற இளைஞர் இசாவில் பிடிக்கப்பட்டுக் கமுந்திங் முகாமில் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். அவர்தான் இன்று நம் பிரதமர். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அரசியல்வாதிகள், ஆசிரியர்கள், சமூக ஊழியர்கள், சமயப் பணியாளர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர். 2008 செப்டம்பரில் ஒரு சீன நாளிதழின் பெண் நிருபர். ஓர் அரசியல்வாதியின் பேச்சைச் செய்தியாக எழுதியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் விட்டுவிட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காகவே பிடித்தோம் என்று விளக்கம் வந்தது.

2012-ல் இசா நீக்கப்பட்டபோது நம் வீடுகளிலும் நிம்மதி இருந்தது. அதே ஆண்டு ஜூலை 31-ல் 'சொஸ்மா' நடைமுறைக்கு வந்தது. 2015-ல் 'பொடா' வந்தது. பெயர்கள் மாறியதால் நம்மில் பலர், விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அதனால் இந்தச் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பதை, குடும்பத்தில் எல்லாருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறோம்.

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது உண்டு. அவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால் போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் வந்து கேட்க வேண்டும். "ஏன் இத்தனை நாள்?" என்று அவர் கேட்கலாம், குறைக்கலாம், மறுக்கலாம்.

ஆனால் அதே அரசமைப்பின் 149-ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்காக நாடாளுமன்றம் இதற்கு மாறான சட்டம் செய்ய வழி விடுகிறது. அந்த வழியாக வந்ததுதான் சொஸ்மா. அதன்படி முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு, சூப்பரிண்டென்டன் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள ஒரு போலீஸ் அதிகாரியே காவலை 28 நாள் வரை நீட்டிக்கலாம். மாஜிஸ்திரேட் வேண்டாம். உறவினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வழக்கறிஞரைச் சந்திப்பதை மட்டும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டால் ஜாமீன் கிடையாது. வழக்கு முடியும் வரை சிறை.

கடிதத்தைப் பிரிப்பது, தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பது, செய்திகளை இடைமறிப்பது ஆகியவற்றுக்கும் நீதிமன்ற ஆணை தேவையில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனுமதித்தால் போதும். அவசரம் என்றால் ஒரு மூத்த போலீஸ் அதிகாரியே செய்யலாம். பொடாவில், அரசாங்கம் அமைத்த ஒரு வாரியம் ஒருவரை இரண்டு ஆண்டு வரை தடுத்து வைக்க உத்தரவிடலாம், மேலும் நீட்டிக்கலாம். அல்லது காலில் மின்னணுக் கருவி மாட்டி, இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது, இன்னாரோடு பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போடலாம்.

ஒரு வணிகரின் கண்ணில் படும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகலை நாங்கள் அலட்சியமாகப் போட்டு வைத்தால் எங்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நம்மைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இனி எங்கள் கடைக்கு வருவோம். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறார்கள். அத்தா காலத்தில் ஆளைப் பார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள், எண்ணிக் கொடுத்தார்கள். இன்று அப்படி முடியாது. 2001-ல் வந்த 'அம்லா' சட்டத்தில் பிறகு பயங்கரவாத நிதியளிப்பும் சேர்க்கப்பட்டது. 2011-ல் பணச் சேவைத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய வேண்டும், பதிவுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் பட்டியலோடும், நம் உள்துறை அமைச்சின் பட்டியலோடும் பெயரை ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை அனுப்பியதை அந்த வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றம்.

அதாவது அன்பர்களே, அன்று இந்த மண்டபத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாரே, அவருடைய வேலையில் ஒரு பங்கு இன்று எங்கள் கைக்கு வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதம், அஸருக்குப் பிறகு, பக்கத்து நாசி கண்டார் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் பணம் அனுப்ப வந்தார். இராமநாதபுரத்துப் பக்கம் ஊர். நாங்கள் அவரை 'மாமு' என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருடமாக எங்கள் கடைக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர். அதுவரை வேறு கடையில் அனுப்பிக்கொண்டிருந்தார், அன்றுதான் முதல் முறையாக எங்களிடம். மகளின் நிக்காஹுக்குப் பணம். பெயரைத் தட்டினோம். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு அவர் பெயரும், தகப்பனார் பெயரில் பாதியும் ஒத்துப்போயின.

சட்டப்படி செய்ய வேண்டியது எளிது. பிறந்த தேதியையும் கடப்பிதழ் எண்ணையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். "மாமு, பாஸ்போர்ட் கொண்டாங்க" என்றோம். அவர் நகல் மட்டும்தான் வைத்திருந்தார், அதில் தேதி தெளிவாக இல்லை. அசல் முதலாளியிடம் இருந்தது. "என்ன தம்பி, என்னைத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் அவரைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. தாடியைப் பார்த்தோம். போன வருடம் ஊருக்குப் போனவர் திரும்பி வர ஏன் இரண்டு மாதம் ஆனது என்று யோசித்தோம். தேநீர் கொண்டுவந்த இரண்டு வருடமும் ஒரு சிவப்பு எழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

மறுநாள் அசல் வந்தது. பட்டியலில் இருந்தவருக்கும் இவருக்கும் வயதில் ஏறத்தாழ இருபது ஆண்டு வித்தியாசம். பத்து நிமிடத்தில் பணம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை தம்பி, உங்க வேலை" என்றார். அதற்குப் பிறகு தேநீரை வாசல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. ஊருக்குத் திரும்பும் வரை அப்படித்தான்.

இந்தத் தவறு எங்களுடையது. சரிபார்க்கச் சொன்னதுதான் சட்டம், சந்தேகப்படச் சொன்னது எங்கள் மனம். அதே சந்தேகம் பின்னொரு நாள் எங்களையும் தேடி வந்தது. ஒரு வங்கி, பல ஆண்டுகளாக இருந்த எங்கள் கடைக் கணக்கை மூடுவதாகக் கடிதம் அனுப்பியது. காரணம் கேட்டு மூன்று முறை போனோம், யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரியின் பார்வையில் எங்களுடைய பழைய பார்வையையே பார்த்தோம். மாமுவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாமுவின் விஷயம் பத்து நிமிடத்தில் தீர்ந்ததற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிறந்த தேதி இருந்தது. எங்களுக்கு மேலே கேட்டுத் தெளிவு பெற ஓர் அலுவலகம் இருந்தது. இதே தவறு எங்கள் கடையில் நடக்காமல், இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நடந்தால்? பெயர் ஒத்துப்போனதாலோ, யாரோ அனுப்பிய படம் கைப்பேசியில் இருந்ததாலோ ஒருவரைக் கூட்டிப்போனால்? "இவர் அவர் இல்லை" என்று சொல்லக்கூடிய மூன்றாவது ஆள் 28 நாளுக்கு அங்கே இல்லை. பிடித்தவரே சரி பார்க்கிறார். சரி பார்த்தவரே நாளை நீட்டிக்கிறார்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேர் சொஸ்மாவில் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவர் அப்போதைய ஆளும் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள். அந்தக் கூட்டணி, இத்தகைய சட்டங்களின் கொடுமையான பிரிவுகளை நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் சொல்லி முந்திய ஆண்டு ஆட்சிக்கு வந்தது. அம்மாதம் 27-ல் தீபாவளி. அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் ஆள் இல்லாத தீபாவளி. நவம்பர் 29-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13-ஆவது பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் அவர்கள் உடனே வீடு திரும்பிவிடவில்லை. அந்தப் பிரிவும் சட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. 2020 பிப்ரவரி 21-ல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பில்லை என்று சொல்லி 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். கைப்பேசியிலும் முகநூலிலும் ஒருவருடைய படத்தை வைத்திருப்பது மட்டும் ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் அறிக்கையின் சாரம். அதைச் சொல்ல நான்கு மாதத்துக்கும் மேலானது.

அந்த நான்கு மாதத்தில் நாம் என்ன செய்தோம்? நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி அந்தச் செய்தியைப் போட்டார். பத்து நிமிடத்தில் மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருவர், "நமக்கு ஏன் இந்த வம்பு, அழித்துவிடுங்கள்" என்றார். இன்னொருவர், "அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், தெரியாதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். தமிழ் பேசும் முஸ்லிம்களான நம் மனத்தில் அது ஆறாத புண். அந்த இயக்கத்தின் தலைவர் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பவர் மீது நமக்குப் பாசம் வராததை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நீதி என்பது பாசத்தைப் பொறுத்ததா? ஒருவர் படத்தைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது, சரி. அதற்காக அவருடைய பிள்ளைகள் நான்கு மாதம் தகப்பன் இல்லாமல் இருக்கட்டும் என்று நாம் எண்ணலாமா? அன்று அமைதியாக இருந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அந்தத் தம்பியின் செய்திக்குக் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் எங்கள் உரிமத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். எந்த அதிகாரியும் எங்களை மிரட்டவில்லை. மிரட்டத் தேவையே இருக்கவில்லை. கண்காணிப்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 21-ல் இலங்கையில் ஈஸ்டர் தாக்குதல்கள். 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் செய்த கொடுமை அது. அதைத் தொடர்ந்து அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. 2020 மே மாதம் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். காரணம், அவர் 2017-ல் வெளியிட்ட 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூல். அது தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகளே இருக்கின்றன என்று சொன்னார்கள். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க ஆள் இல்லை. 2021 டிசம்பரில்தான் ஜாமீன். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஒரு படத்துக்காக நம் நாட்டில் பன்னிரண்டு பேர், ஒரு கவிதைக்காக அங்கே ஒருவர். முதல் கூட்டத்தில் நம்மவர் இல்லை, இரண்டாவதில் நம்மவர். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் நமக்கும் வருவார்கள்.

பாதுகாப்பே வேண்டாம் என்கிறீர்களா என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிச் சொல்ல மாட்டோம். 2016 ஜூன் 28-ல் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறிகுண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஐ.எஸ். பெயரால் நம் மண்ணில் நடந்த முதல் தாக்குதல் அது. அது ரமலான் மாதம் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் போலீஸ்காரரின் தூக்கம் கெடுவதால்தான் நாம் தூங்குகிறோம். அந்தக் குண்டை வீசிய வழக்கில் இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஆளுக்கு 25 ஆண்டுச் சிறை பெற்றார்கள். குற்றவாளியை நீதிபதி முன் நிறுத்தியதால் நாடு பலவீனமாகிவிடவில்லை.

நம் மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. அல்-ஹுஜுராத் அத்தியாயம் வீண் சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் தடுக்கிறது. ஹலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைப் பயான்களில் கேட்டிருப்போம். இரவில் நகர்வலம் போனவர்கள், ஒரு வீட்டில் தப்பு நடப்பதை அறிந்து சுவரேறி உள்ளே போனார்கள். அந்த மனிதர், "நான் செய்தது ஒரு தப்பு. நீங்கள் துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை, ஆக மூன்று" என்ற கருத்தில் பதில் சொன்னாராம். உமர் (ரலி) அதை ஏற்று அவரை மன்னித்துத் திரும்பினார்கள் என்பது கதை. தப்பைப் பிடிக்கப் போகிறவரும் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். நம் காலத்தில் அந்த வாசலுக்குப் பெயர் நீதிமன்றம்.

இனி, செய்ய வேண்டியவை. வீட்டுக்குப் போய் இன்றே தொடங்கக் கூடியவை முதலில்.

ஒன்று, பெயர். நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடப்பிதழ், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்கட்டும். முஹம்மது என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எங்கள் கடைப் பதிவைப் பார்த்தால் தெரியும். பட்டியலோடு ஒப்பிடும்போது இந்தக் குழப்பமே பாதித் தொல்லை.

இரண்டு, பணம். வெளிநாட்டு நிவாரணத்துக்கென்று யாராவது உண்டியல் நீட்டினால் யார், எந்தப் பதிவு, ரசீது எங்கே என்று கேளுங்கள். ஸதகா கொடுக்கத் தயங்க வேண்டாம், கேட்கத் தயங்க வேண்டாம். முகம் தெரியாதவருக்காக உங்கள் பெயரில் பணம் அனுப்பிக் கொடுக்காதீர்கள், வங்கி அட்டையை இரவல் கொடுக்காதீர்கள்.

மூன்று, கைப்பேசி. தம்பி தங்கைகளே, வந்ததையெல்லாம் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கொலையைப் புகழும் படமோ காணொளியோ வந்தால், "பார்க்கத்தானே வைத்திருந்தேன்" என்பது நல்ல பதில் ஆகாது. அத்தாமார்களே, பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு பேசுகிறான் என்று நாமாகக் கேட்பது நல்லது. ஆனால் திருடனைப் பிடிப்பது போலப் பிடிக்காதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள்.

நான்கு, வாசலில் யாராவது வந்தால். ஓடாதீர்கள், கத்தாதீர்கள், தடுக்காதீர்கள். வந்தவரின் பெயர், எண், எந்த நிலையம், எந்தச் சட்டம், எங்கே கொண்டுபோகிறார்கள், இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணியையும் எழுதுங்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்வதும் தன் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும் அரசமைப்பின் 5-ஆவது பிரிவு தரும் உரிமை. அதைக் கேட்பது குற்றம் ஆகாது. இது ஆண்களுக்கு மட்டும் சொல்லும் விஷயமல்ல. பல வேளைகளில் அந்த நேரத்தில் நிதானமாக நிற்க வேண்டியவர்கள் தாய்மார்களும் மனைவிமார்களும்தான்.

இனிச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜனாஸா நிதி வைத்திருக்கிறோம், கல்வி நிதி வைத்திருக்கிறோம். இனமோ மதமோ பாராமல், இரவில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய இரண்டு மூன்று வழக்கறிஞர்களின் எண்களையும் ஒரு சின்னச் சட்ட உதவி நிதியையும் இந்தப் பொன்விழா ஆண்டில் தொடங்க வேண்டும். எங்கள் இளைய வணிகர்கள் முதல் தொகையைக் கொடுக்கத் தயார்.

இன்னொன்றும் உண்டு. சொஸ்மாவின் 28 நாள் பிரிவு நிரந்தரமானதல்ல. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவையில் அந்தத் தீர்மானம் வந்தபோது 84-க்கு 86 என்று தோற்றது. இரண்டே வாக்கு! ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்தக் கணக்குப்படி 2027-ல் மீண்டும் வர வேண்டும். அதற்கு முன் நம் தொகுதி உறுப்பினர்களை நாகரிகமாகச் சந்தித்து இரண்டே கேள்வி கேட்போம். 28 நாளுக்கு முன் ஒரு மாஜிஸ்திரேட் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? ஒட்டுக்கேட்க ஒரு நீதிபதியின் கையெழுத்தை வாங்கினால் என்ன குறைந்துவிடும்? எதிர்ப்பாகக் கேட்க வேண்டாம், வாக்காளராகக் கேட்போம். கமுந்திங்கின் உள்ளே இருந்து பார்த்தவர் இன்று நாட்டை நடத்துகிறார். அவருக்கு இந்தக் கேள்வி புரியாமல் போகாது.

கடைசியாக, மறுபடியும் அந்த வாட்ஸ்அப் குழு. அன்று செய்தியைப் போட்ட தம்பியை இன்று இந்த மண்டபத்தில் பார்த்தோம். வாசலில் ஸலாம் சொன்னோம். அன்று எழுதாமல் விட்ட ஒரு வரியை இன்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறோம்: தம்பி, நீங்கள் செய்தது சரி. நாங்கள் பேசாமல் இருந்தது தவறு.

அடுத்த முறை பிடிக்கப்படுபவர் யாராக இருந்தாலும், அவர் கொள்கை நமக்குப் பிடிக்காவிட்டாலும், "நீதிபதி முன் நிறுத்துங்கள்" என்ற ஒரு வார்த்தையை நாம் சேர்ந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவு நூறாவது ஆண்டு மலரைப் படிக்கப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் சொத்து.

அல்லாஹ் நம் நாட்டை அமைதியாக வைப்பானாக. ஆட்சியில் இருப்பவர்களுக்கு நீதியையும், காவலில் இருப்பவர்களுக்குப் பொறுமையையும், காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஆறுதலையும் தருவானாக. பிறரைச் சந்தேகத்தோடு பார்த்த எங்கள் பார்வையை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.